தலையில் படாத பந்து

அவர் பந்தைத் தலையால் தொடமாட்டார். எங்கள் ஊர் கால்பந்து கிளப்பைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது இந்தப் பேச்சுதான். உயரமாக ஒரு பந்து வந்தால் பேக் ஆடுகிற மனிதன் என்ன செய்வான்? எகிறி முட்டுவான். இவர் மூன்று எட்டு பின்னால் போவார். பந்து இறங்கும்வரை நிற்பார். நெஞ்சில் வாங்கிக் காலுக்கு இறக்குவார். அதற்குள் எதிராளி வந்து விழுந்துவிடுவானே என்று பார்க்கிற நாம்தான் எழுந்து நின்றுவிடுவோம். அவர் மடை திறந்துவிட்டு வரப்பில் நிற்கிற ஆள் மாதிரி நிற்பார்.

ஏன் அப்படி என்று வெளியூர்க்காரர் கேட்டால் எங்கள் ஊரார் பெருமையோடு சொல்வார்கள்: "பந்து தோலுங்களே. தோலைத் தலையில படவெக்கலாமுங்களா? நல்ல குடும்பமுங்க."

அந்தத் தோலைத் தைத்தவர் என் அப்பா. பந்தைத் தலையால் தொடாத அந்த மனிதருக்கு முன்னால், இடது ஓரத்தில் விங் ஆடியவன் நான். ஆகவே இதை நான் நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவர் பெயரையும் எழுதப் போவதில்லை. பேரன் பேத்திகள் ஊரில் இருக்கிறார்கள். எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சிங்காநல்லூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். பைக்காரா அணையிலிருந்து கரண்ட் வந்து, மில் மேல் மில்லாக முளைத்து, விடியுமுன்னே நாலு திசையிலும் சங்கு ஊதத் தொடங்கிய காலம். பண்ணையக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் மில் குமாஸ்தாக்கள் சிலரும் சேர்ந்து கிளப் ஆரம்பித்தார்கள். மைதானம், கேப்டன் வீட்டுப் பருத்திக்காடு. பருத்தி எடுத்து முடிந்ததும் காய்ந்த செடிமாரைப் பிடுங்கிப்போட்டு, சுண்ணாம்பில் கோடு கிழித்து, இரண்டு மூங்கிலுக்கு மேலே கயிறு கட்டினால் கோல். ஆட்டம் வெறுங்காலில்தான். அந்தக் காட்டுச் சுக்காங்கல்லில் ஒரு பந்து மூன்று மாதம் தாங்கினால் பெரிது. தையல் விட்டதும் எங்கள் வளவுக்கு வந்துவிடும்.

வளவு என்றால் ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், செருப்பும், மாடு கட்டிக் கிணறு இறைக்கிற கவலைத் தோலும் தைக்கிறவர்கள் குடியிருந்த இடம். அங்கே ஆள் அனுப்பாமல் கேப்டனே வருவார். இதுதான் எனக்குப் புரியாத முதல் சங்கதி. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிற்பார். அப்பா தைத்து முடிக்கும்வரை நகரமாட்டார். முடிந்ததும் பந்தைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் தையலெல்லாம் அழுத்திப் பார்ப்பார், விளக்கெண்ணெய் தடவுவார், முழங்கை வரை எண்ணெய் வழியும். கையில் ஒட்டாத தீட்டு தலையில் மட்டும் எப்படி ஒட்டும்? கையைக் கழுவிக்கொள்ளலாம், தலையைக் கழுவ முடியாது போலிருக்கிறது என்று நானே ஒரு விடை சொல்லிக்கொண்டு பல்லைக் கடிப்பேன். இத்தனைக்கும் அவர் வீட்டுக் கிணற்றில் கவலைச் சாலுக்குத் தோல் வால் தைத்தவரும் என் அப்பாதான். அந்தத் தோல் வழியாக ஏறிவந்த தண்ணீரில்தான் அவர்கள் வீட்டில் சோறு வெந்தது.

அப்பாவின் மேலும் எனக்குக் கோபம். பந்தை ஒப்படைக்கும் முன் அவர் ஒரு காரியம் செய்வார். பந்தின் வாயை இழுத்து மூடும் லேஸைக் கோத்து, முடிச்சை உள்ளே தள்ளி, மரக்கட்டையால் தட்டித் தட்டிச் சமம் செய்வார். பிறகு அந்த இடத்தைத் தூக்கி, மூடிய கண்ணில் வைத்து ஒற்றிக்கொள்வார். இரண்டு தரம், மூன்று தரம். கோயில் பிரசாதத்தைத்தான் மனுசன் அப்படிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

"பண்ணையத்துப் பந்துன்னா கும்புடணுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வாய மூடுடா," என்றார்.

நான் அப்போது ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தேன். பத்தொன்பது வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நாலு வகுப்பில் மிஞ்சியது கால்பந்து ஒன்றுதான். கேப்டன் என்னைக் கிளப்புக்கு எடுத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நான் பந்து உதைக்கிறேனா, ஓடுகிறேனா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் என்னை நிறுத்திவிட்டு, இந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கத்துடா பாக்கலாம்."

"என்னன்னுங்க, சாமி?"

"எதாச்சும் கத்து. எனக்குக் கேக்கோணும்."

கத்தினேன். மில்லில் நாளெல்லாம் நூற்கிற கதிர்களின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, கேட்க வேண்டுமா! வாய்க்கால் ஓரத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"போதும். நாளைக்கு வந்துரு. லெஃப்ட்ல ஆடு, எனக்கு முன்னால. ஆடறப்ப பேசிட்டே இருக்கோணும். ஆரு வாரான், எங்கருந்து வாரான், எல்லாம் சொல்லிட்டே இரு."

சோளக்காட்டில் கிளி விரட்ட ஆள் எடுப்பது போல என்னை எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். பந்து என்று ஒன்று இருக்கும்போது மானம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. ஆட்டத்தின் நடுவில், "சாமி, உங்க பக்கமுங்க, ஆளு வாராருங்க," என்று நான் மரியாதையாக இழுத்து முடிப்பதற்குள் ஆள் வந்து பந்தையும் கொண்டுபோய்விட்டான். கேப்டன் என்னைக் கூப்பிட்டார்.

"இதா பாரு தம்பி. சாமின்னு இழுத்துட்டிருந்தா பந்து போயிரும். கேப்டன், இடதுல. அவ்வளவுதான். கோட்டுக்குள்ள வேற பேச்சு வேண்டாம்."

தம்பி என்றார். சுண்ணாம்புக் கோட்டுக்குள் நான் தம்பி. கோட்டைத் தாண்டிவிட்டால் டேய். அவர் பழையபடி சாமி. விசில் ஊதியதும் எப்படித்தான் அந்த வார்த்தை மாறுமோ, ஒரு நாள்கூட அவர் தப்புச் செய்ததில்லை.

இடைவேளையில் தண்ணீர் கொடுப்பார்கள். மற்ற பத்துப் பேரும் செம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பார்கள். எனக்கு ஒருவர் தள்ளி நின்று ஊற்றுவார், நான் இரண்டு கையையும் குவித்துக் குடிப்பேன். அந்த நேரத்தில் கேப்டன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். வெட்கமா, அருவருப்பா என்று கண்டுபிடிக்க நானும் இரண்டு வருடம் பார்த்தேன். ஊற்ற வேண்டாம், செம்பைக் கொடு என்று மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் ஆடுகிற விதத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. இடது கோட்டை ஒட்டியேதான் நிற்பார். அவருக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு ஆடு நுழைய இடம் இருக்காது. வருகிறவன் எல்லாம் அவருக்கு வலப்பக்கமாகத்தான் வந்தாக வேண்டும், வந்தால் தீர்ந்தான். கோட்டைக் காவல் காக்கிறார் என்று கேலி செய்வார்கள். குரூப் போட்டோ எடுத்தபோதும் இடது கோடியில்தான் நின்றார். நடுவில் நாற்காலி போட்டிருந்தும் உட்காரவில்லை. நான் அந்தப் போட்டோவில் இல்லை.

அவிநாசிப் பக்கம் ஒரு பெரிய மில்காரர் கோப்பை வைத்தார். எங்கள் கிளப் முதல் தடவையாகக் கடைசி ஆட்டம் வரை போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமுக்கும் அவர் பங்களாவில் விருந்து என்று சொல்லியனுப்பியிருந்தார். வந்தது வினை. எங்கள் கிளப் செக்ரெட்டரி பருத்தி மண்டி வைத்திருந்தவர். என்னைச் சேர்த்த நாளிலிருந்தே அவருக்கு அது தொண்டையில் முள். மண்டியில் கமிட்டி கூடியது. அப்பா தைத்த பந்தோடு நான் வெளியே நின்றிருந்தேன். உள்ளே பேசியது அத்தனையும் கேட்டது. கேட்கட்டும் என்றேதான் பேசினார்கள்.

"விருந்துல அவனை எங்கீங்க உக்கார வெக்கறது? ஊரு பேரு என்னாகறது?" செக்ரெட்டரியின் குரல்.

"அவன் வெளீல திங்கட்டும். ஆட்டத்துக்கு அவன் வேணும்." இது கேப்டன்.

"வேற ஆளா இல்லீங்க? எம் மச்சினன் பையன் இருக்கறான்."

"அவன் எறங்கலீன்னா நானும் எறங்கலீங்க."

பிறகு செக்ரெட்டரி, "தோத்துப்போனா?" என்றார்.

"தோத்தா நீங்க சொல்றபடி. அவனை நிறுத்திப்போடலாம்."

என்னைப் பற்றிய பேச்சு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முடிந்தது. வெளியே வந்த கேப்டன் என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, "நாளானைக்கு வெடியால பஸ்ஸு. வந்துருடா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்காக நின்றாரே என்று நெஞ்சு நிறைந்தது, தோற்றால் தூக்கி எறியச் சம்மதித்தாரே என்று அதே நெஞ்சு கொதித்தது. இரண்டையும் சுமந்துகொண்டு பஸ்ஸின் மேல், கூடைகளோடு உட்கார்ந்து போனேன்.

எதிரே ரயில்வே ஆட்கள். ஆளுக்கு ஆள் ஆறடி. அவர்களுடைய வலது விங்காரன் ஒல்லியாக, சாரைப்பாம்பு மாதிரி இருந்தான். அவன்தான் கேப்டன் பக்கம் வருகிறவன். முதல் பாதி முழுக்க நான் ஓடிக்கொண்டே கத்தினேன். "கேப்டன், இடதுல! கேப்டன், கோட்டோரம்! விடுங்க, வெளிய போகுது!" என் குரல் போகிற பக்கம் கேப்டன் கால் போயிற்று. அந்த ஒல்லிக்காரன் ஒரு தடவைகூட அவரைத் தாண்டவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வலப்பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. எகிறி முட்டினேன். கோல். கூட்டம் துண்டை வீசியது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எனக்காக யாரும் துண்டு வீசியதில்லை.

தண்ணீர் நேரம். கையைக் குவித்துக்கொண்டு குனிந்திருந்தேன். செக்ரெட்டரி சந்தோஷத்தில் இருந்தார், அதுதான் வாய் நீண்டுவிட்டது.

"என்ன இருந்தாலும் தோலு அவனுக்குச் சொந்தங்க, ஒறம்பரைங்க. தலையில தூக்கி வெச்சுக்கறான். நம்ம கேப்டன் வெப்பாருங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்தபடியே கேப்டனைப் பார்த்தேன். அவரும் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, உதட்டோரம்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு எழுந்தேன்.

இரண்டாம் பாதியில் நான் வாயைத் திறக்கவில்லை.

ஓடினேன், பந்தை வாங்கினேன், கொடுத்தேன். ஆட்டத்தில் குறை வைக்கவில்லை. குரலை மட்டும் கொடுக்கவில்லை. தோற்றால் என் சீட்டுக் கிழியும் என்பது எனக்குத் தெரியும். கிழியட்டும். என் காலும் தலையும் கிளப்புக்கு, என் தொண்டை எனக்கு என்று ஒரு வீம்பு. பின்னாலிருந்து கேப்டன் குரல் வந்தது. "பேசு தம்பி." கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "பேசு தம்பி, பேசு." திரும்பிப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் கோட்டை விட்டு நகர்ந்து நின்றிருந்தார். சத்தம் கேட்ட கோழி மாதிரித் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒல்லிக்காரன் அவருக்கும் கோட்டுக்கும் நடுவே நடந்தே போனான் என்று சொல்லலாம். அவன் தாண்டிப் போன பிறகுதான் அவர் திரும்பினார். ஒன்றுக்கு ஒன்று.

ஆட்டம் மறுபடி தொடங்கி, பந்து வெளியே போன ஒரு நேரத்தில் என்னிடம் வந்தார். மூச்சு இரைத்தது.

"தொண்டை கட்டிப்போச்சா?"

"இல்லீங்க."

"அப்பறம் ஏன் பேசமாட்டீங்கறே?"

"தோலைத் தலையில வெச்சவன் பேச்சு உங்களுக்கு எதுக்குங்க, சாமி?"

கோட்டுக்குள் நின்று சாமி என்றேன், வேண்டுமென்றேதான். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரெஃப்ரி விசில் ஊதினார். பந்து எங்கள் பக்கம் வெளியே போயிருந்தது, ரயில்வேக்காரன் கையால் எறிய வேண்டும். கேப்டன் முன்னால் இருந்த ஆளைப் பார்த்து நின்றார். எறிகிறவன் அவருக்கு இடப்பக்கம், நாலு எட்டுத் தூரத்தில், கோட்டுக்கு வெளியே. நான் கேப்டனுக்கு எதிரே, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.

அவன் வேகமாக எறிந்தான். பந்து கேப்டனின் இடது நெற்றிப்பொட்டை நோக்கிப் போயிற்று. நான் பந்தையும் பார்த்தேன், அவர் கண்ணையும் பார்த்தேன். ஒரு முழத் தூரத்தில் பந்து வந்தபோதும் அந்தக் கண் இமைக்கவில்லை. பச்சைக் குழந்தைகூடக் கண்ணை மூடும். அது திறந்தே இருந்தது, வானத்தைப் பார்க்கிற கிணறு மாதிரி. பொட்டில் அடித்து அவர் விழுந்தார். தெறித்த பந்தை ரயில்வேக்காரன் ஒருவன் ஓடிவந்து கோலுக்குள் உதைத்தான்.

இரண்டு வருடத்துச் சங்கதி ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. கத்துடா என்றது. கோட்டை ஒட்டி நின்றது. போட்டோவில் இடது கோடி. நான் அவருக்குக் கிளி விரட்டுகிறவனாக இருக்கவில்லை. அவருடைய இடது கண்ணாக இருந்திருக்கிறேன். அதை நான்தான் பொத்தினேன்.

செக்ரெட்டரி தவலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்க வருகிறார் என்று பார்த்தால், "தலையில பட்டுருச்சுங்க, ஐயோ, தோலு தலையில பட்டுருச்சுங்க," என்று சொல்லிக்கொண்டே முழுத் தவலையையும் கேப்டன் தலையில் கவிழ்த்தார். தீட்டுக் கழிந்தது. கேப்டன் சொட்டச் சொட்ட உட்கார்ந்து, இடது கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். கோடு எங்கே இருக்கிறது என்று தேடுகிறார் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

"கேப்டன், இடதுல ரெண்டு எட்டு," என்றேன்.

எழுந்து இரண்டு எட்டு வைத்தார். கோட்டில் நின்றார். மிச்சம் இருந்த நேரம் முழுக்கக் கத்தினேன். தொண்டை கிழிந்து வெறும் காற்று வரும்வரை கத்தினேன். அதன்பிறகு யாரும் அவரைத் தாண்டவில்லை, ஆனால் எங்களுக்கும் கோல் விழவில்லை. கோப்பை ரயில்வேக்குப் போயிற்று. விருந்தில் கேப்டன் உட்காரவில்லை, தலைவலி என்று பஸ்ஸில் இருந்துகொண்டார். எனக்கு வெளியே இலை போட்டார்கள். நானும் கை வைக்கவில்லை.

பொழுது சாயும்போது பஸ் சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் எங்களை இறக்கியது. அங்கிருந்து ஊருக்கு நடைதான். எங்கள் ஆட்கள் பண்ணையக்காரருக்கு நாலு எட்டுப் பின்னால் நடப்பதுதான் வழக்கம். மற்றவர்கள் முன்னே போய்விட, அவர் நடை தளர்ந்தது. என்னை அறியாமல் நான் அவருக்கு இடப்பக்கம் வந்துவிட்டிருந்தேன்.

"தெரிஞ்சுபோச்சாடா?" என்றார்.

"இடதுங்களா?"

"ம்."

"எப்பிருந்துங்க?"

"நீ வாரதுக்கு முந்தின மழைக்கு. ஈரக்காட்டுல ஆடுனோம். பந்து நனைஞ்சு கல்லாட்டம் இருந்துச்சு. எகிறி முட்டுனேன். லேஸ் முடிச்சு வெளீல துருத்திட்டு இருந்திருக்குது, நேரா கண்ணுல. ரெண்டு நாள் செவந்து கெடந்துட்டு ஆறிப்போச்சு. பாத்தா ஒண்ணும் தெரியாது. பார்வை மட்டும் வரல."

யார் போட்ட முடிச்சு என்று நான் கேட்கவில்லை. அந்த ஊரில் பந்து தைக்கிறவர் ஒருவர்தான்.

"எங்கய்யனுக்குத் தெரிஞ்சிருந்தா உங்கப்பனை மரத்துல கட்டிப்போட்டுத் தோலை உரிச்சிருப்பாரு. என்னையும் மைதானத்துப் பக்கம் உட்டிருக்க மாட்டாரு. ரெண்டுக்கும் சேத்து ஒரு பொய்யச் சொல்லிப்போட்டேன்."

"அதுக்கு இந்தப் பொய்தானுங்களா கெடைச்சுது? தோலு தீட்டுன்னு?"

அவர் நின்றார். முகத்தை முழுசாகத் திருப்பி, வலது கண்ணால் என்னைப் பார்த்தார்.

"வேற எதைச் சொன்னாலும் ஏன் எதுக்குன்னு கேட்டிருப்பாங்கடா. இதை மட்டும் ஒருத்தரும் கேக்கல. எங்கம்மா நெம்ப சந்தோசப்பட்டாங்க."

"ரெண்டு வருசமா நான் அதைக் கேட்டுட்டு நின்னனுங்க."

"தெரியும்," என்றார். எனக்கு அவர் காலில் விழவும் தோன்றியது, அவர் சட்டையைப் பிடிக்கவும் தோன்றியது. என் அப்பாவின் முதுகைக் காப்பாற்றியவர் என் முகத்தில் சாணியைப் பூசித்தான் காப்பாற்றியிருக்கிறார். நன்றி சொல்வதா, காறித் துப்புவதா? இரண்டும் செய்யாமல் வாய்க்கால்வரை கூடவே நடந்தேன்.

வளவில் அப்பா உட்கார்ந்து செருப்புக்கு வார் அறுத்துக்கொண்டிருந்தார். "கேப்டன் கண்ணு சங்கதி உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் கத்தியை வைத்துவிட்டுத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அடிபட்ட மக்கா நாளே வந்து சொல்லிட்டாருடா. ஆருகிட்டயும் மூச்சு உடாதேன்னாரு. முடிச்சை உள்ள வெச்சு அடின்னாரு. தெரியாமயா நான் ஒவ்வொரு பந்தையும் எங் கண்ணுல வெச்சு வெச்சுப் பாக்கறேன்? குத்துதா இல்லையான்னு வேற எப்படிடா தெரியும்?"

கும்பிடுகிறார் என்று நினைத்தேனே.

அடுத்த வாரம் கமிட்டி கூடி, சொன்னபடி என்னை நிறுத்தியது. கேப்டன் அந்தக் கூட்டத்திலேயே, "நானும் இத்தோட நிறுத்திக்கறனுங்க," என்று எழுந்துவிட்டார். தோல்வியைத் தாங்க மாட்டாத மானஸ்தர் என்றார்கள் சிலர். தலையில் தோல் பட்ட தோஷம் என்றார்கள் சிலர். எனக்காக நின்றுவிட்டார் என்று எங்கள் வளவில் பேசிக்கொண்டார்கள். நான் இல்லாமல் அவரால் ஆட முடியாது என்பது எனக்குத் தெரியும். எனக்காகவா, அவருக்காகவா என்று அவரே பிரித்துப் பார்த்திருப்பாரா என்பதுதான் தெரியாது. கிளப் நடந்தது. மூங்கில் போய் மரக்கட்டை வந்தது, பூட்ஸ் வந்தது, ஜெர்சி வந்தது. பின்னாளில் கிளப்பின் வரலாறு என்று சின்னப் புத்தகம் ஒன்று போட்டார்கள். அதில் அவரைப் பற்றி எழுதியிருப்பது ஒரே வரி: ஆசாரம் காக்கப் பந்தைத் தலையால் தொடாது ஆடிய உத்தமர். எங்கள் அப்பாவைப் பற்றியும் என்னைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை.

நான் வேறு மில்லுக்குப் போய், வேறு ஊரில் குடியிருந்தேன். நாலைந்து வருடம் அவரைப் பார்க்கவில்லை. வலது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை, அதுதான் உண்மை.

சிங்காநல்லூரில் ஒரு சந்தை நாள். திருச்சி ரோட்டின் இந்தப் பக்கம் நான் கருவாட்டுக் கடையில் நின்றிருந்தேன். அந்தப் பக்கம் குடையை ஊன்றிக்கொண்டு ஒருவர் ரோட்டில் இறங்கினார். முகத்தைப் பார்க்குமுன்னே கால் வைத்த விதத்தில் ஆளைத் தெரிந்துவிட்டது. நடு ரோட்டுக்கு வந்துவிட்டார். கிழக்கே போகிற பஸ் ஒன்று ஹார்னும் அடிக்காமல், சந்தைப் புழுதிக்குள் அவருடைய இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

என் வாய் என்னைக் கேட்கவில்லை.

"கேப்டன், இடதுல!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யார் என்று யோசிக்கவும் இல்லை. பின்னால் ஒரே எட்டு எடுத்து வைத்து, அசையாமல் நின்றார். பஸ் அவர் குடையை உரசிக்கொண்டு போயிற்று. டிரைவர் தலையை நீட்டி வைதான். புழுதி அடங்கிற்று. சந்தைச் சனம் அத்தனையும் பார்க்க, நடு ரோட்டில் நின்றபடியே, குரல் வந்த திக்கைப் பார்த்து அவர் வலது கையை உயர்த்தினார்.

"பேசிட்டே இரு, தம்பி," என்றார். "வாரேன்."